கடைக்குப் போகும் முன்: வீட்டில் கம்ப்யூட்டர் பூட்டுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

கந்தர்வகோட்டையிலோ ஆவுடையார்கோவிலிலோ ஒரு பிராண்டட் கம்ப்யூட்டர் பழுதானால், முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டியிருக்கும். பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டியதாக இருந்தால், கெட்ட பாகத்தை மட்டும் கழற்றி எடுத்துப் போனால் போதும். புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்களுக்கு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரே ஏற்றது என்று நான் சொல்வது இதனால்தான். ராமைப் பிறகு கூட்டலாம், எஸ்எஸ்டியைப் பிறகு மாற்றலாம். மதர்போர்டை மாற்றினால் புராசஸரும் ராமும் சேர்ந்து மாறும். விண்டோஸோ லினக்ஸோ, ஓஎஸ் மாறினால் வீட்டில் எல்லோரும் பழகிய வேலை மாறும். ஆகவே இந்த இரண்டையும் கடையில் நின்றுகொண்டு முடிவு செய்யாதீர்கள். வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

1. முதலில் ஒரு தாளில் வேலைகளை எழுதுங்கள். யார் யார் உட்காரப் போகிறார்கள், என்னென்ன செய்யப் போகிறார்கள் என்று பெயரோடு எழுதுங்கள். அக்காவுக்கு டிஎன்பிஎஸ்சி வகுப்பு வீடியோ, தம்பிக்குப் பைத்தான் பாடம், அப்பாவுக்குக் கடைக் கணக்கு, அம்மாவுக்குக் கரண்ட் பில்லும் வங்கி வேலையும். அந்தத் தாளைப் பார்த்தால் எந்த ஓஎஸ் என்று தெரிந்துவிடும். ஓஎஸ் தெரிந்தால் எந்த போர்டு என்று தெரியும். போர்டு தெரிந்த பிறகுதான் புராசஸர், ராம். கடையில் இது தலைகீழாக நடக்கிறது. உள்ளே நுழைந்ததும் "ஐ3-ஆ, ஐ5-ஆ?" என்பார்கள். போர்டைப் பற்றிப் பேச்சே வராது. கையிருப்பில் எது இருக்கிறதோ அது பெட்டிக்குள் போய்விடும்.

2. விண்டோஸ் கட்டாயம் வேண்டிய வீடுகள் சிலதான். டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள், டிஎஸ்சி டோக்கன் செருகிக் கையெழுத்துப் போடும் ஆடிட்டர் அலுவலக வேலை செய்பவர்கள், கைரேகைக் கருவி வைத்து ஆதார் சரிபார்ப்புச் செய்யும் இ-சேவை மையத்தார், கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் பேஜ்மேக்கரில் வடிவமைக்கிற டிடிபிகாரர்கள். இவர்கள் விண்டோஸ் வாங்குவதே சரி. அந்தக் கருவிகளுக்கான மென்பொருள் விண்டோஸை நம்பியே எழுதப்பட்டது. லினக்ஸில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று தொழிலை நிறுத்திவைக்க வேண்டாம். படிப்பு, பிரவுசர், படம், பாட்டு, கடிதம், கணக்குத் தாள், புரோகிராமிங் என்று மட்டும் உங்கள் தாளில் இருந்தால் லினக்ஸ் போதும். போதும் என்பதைவிட, அதுவே நல்லது. லைசென்ஸுக்குப் போகும் பணம் போர்டுக்கும் யூபிஎஸ்ஸுக்கும் போகும்.

பிரிண்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதையும் தாளில் எழுதுங்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் லினக்ஸில் உடனே வேலை செய்யும். ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கும் கேனான் எல்பிபி2900 லினக்ஸில் படுத்தும்.

3. விண்டோஸ் 10-ஐ நம்பிப் புதிதாக எதையும் வாங்காதீர்கள். அதற்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இனி விண்டோஸ் என்றால் விண்டோஸ் 11. அதற்குப் போர்டில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், குறைந்தது 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் வேண்டும். புராசஸர் இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல்தான் அனுமதிப் பட்டியலில் உண்டு. 4 ஜிபி என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. நடைமுறையில் 8 ஜிபிக்குக் குறைந்தால் பிரவுசரைத் திறந்ததுமே திணறும். 16 இருந்தால் நிம்மதி.

4. "ஐ5" என்ற சொல்லுக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். இந்தப் பட்டியலிலேயே இதை மிக முக்கியமாக நினைக்கிறேன். "ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டரோடு" என்று மலிவு விலைக்கு ஒரு செட் காட்டுவார்கள். பெட்டி புதிது, கேபினட் புதிது, உள்ளே கலர் விளக்குகூட எரியும். புராசஸரின் முழு எண்ணைக் கேளுங்கள். ஐ5-2400 என்றால் அது 2011-இல் வந்தது. ஐ5-3470 என்றால் 2012. ஐ5-12400 என்றால் 2022. மூன்றுமே ஐ5தான். எண்ணை இப்படிப் படியுங்கள்: கோட்டுக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் முதல் இலக்கம் தலைமுறை, ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. 2400 இரண்டாம் தலைமுறை. 12400 பன்னிரண்டாம் தலைமுறை.

அந்த மலிவு செட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் எச்61 அல்லது எச்81 போர்டு. எச்61 என்பது 2011-ஆம் ஆண்டுச் சிப்செட், எச்81 என்பது 2013. பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய புராசஸர்களுக்காக, பெயர் தெரியாத நிறுவனங்கள் இந்தப் போர்டுகளை இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கின்றன. அதனால் சீல் உடைக்காத பெட்டியில் வந்தாலும் உள்ளே இருப்பது பழைய நுட்பம். டிடிஆர்3 ராம்தான் ஏறும். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 கிடையாது. வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியை மாட்டினாலும் இந்தப் போர்டுகள் பலவற்றில் அதிலிருந்து நேராக ஓஎஸ் திறக்காது.

இதை முழுக்கக் குப்பை என்று சொல்ல மாட்டேன். லினக்ஸ் போட்டுக்கொண்டால் பிள்ளைகள் படிக்க உதவும். பழைய பொருளுக்குப் பழைய பொருளின் விலையைக் கொடுங்கள், அவ்வளவுதான். "விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்" என்று சொன்னால், அது சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் போட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். அதற்கு வருங்கால அப்டேட் ஒழுங்காக வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

5. சாக்கெட்டைக் கேளுங்கள். புராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். அதன் பெயர் தெரிந்தால் போர்டின் வயதும் வருங்காலமும் தெரியும். எல்ஜிஏ1700-இல் இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் உட்காரும். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851. ஏஎம்டியில் ஏஎம்4 பழையது, 2017-இல் ரைசனோடு பரவியது. ஏஎம்5 2022-இல் வந்தது.

வீட்டு உபயோகத்துக்கு என் தேர்வு எளிது. சிக்கனம் வேண்டுமானால் எல்ஜிஏ1700 போர்டில் ஐ3-12100, அல்லது ஏஎம்4 போர்டில் ரைசன் 5 5600ஜி. இரண்டுமே சாதாரணக் குடும்பத்துக்குப் பல ஆண்டு உழைக்கும். பிள்ளை கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்திருக்கிறாள், நான்கு வருடம் கழித்துப் புராசஸரை மட்டும் மாற்ற வேண்டிவரும் என்று தோன்றினால் ஏஎம்5 போர்டாக எடுங்கள். 2027-ஐத் தாண்டியும் அந்தச் சாக்கெட்டுக்குப் புதிய புராசஸர் தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது.

6. ராம் வகையைப் போர்டின் பெட்டியில் படித்துப் பாருங்கள். எல்ஜிஏ1700-க்கான ஒரே சிப்செட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது. நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினால் உடையும். ஏஎம்4 என்றால் டிடிஆர்4 மட்டும். ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்.

2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் மெமரிச் சிப்புகளை வாரிக்கொண்டு போவதே காரணம். வீட்டில் பழைய கம்ப்யூட்டரில் நல்ல டிடிஆர்4 ராம் கிடந்தால், அதை ஏற்கும் போர்டைத் தேடுவதுதான் இப்போது புத்திசாலித்தனம். புதிதாக வாங்கினால் 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு நல்லது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இரண்டு ராம் சேர்ந்து ஓடும்போது படம் தெளிவாக நகரும்.

7. போர்டின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எல்ஜிஏ1700-க்கான எச்610 போர்டுகள் விலை குறைவு, சுமார் 6,000 ரூபாயிலிருந்து கிடைக்கும். பெரும்பாலும் இரண்டு ராம் இடம், எஸ்எஸ்டி மாட்ட ஒரு எம்.2 இடம். ஒரு குடும்பத்துக்கு அது போதும். எல்ஜிஏ1700-க்கான பி760, ஏஎம்4-க்கான பி550 போர்டுகளில் இடங்கள் கூடும், மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பகுதியும் வலுவாக இருக்கும். வெயிலில் தகிக்கும் ஓட்டு வீட்டிலோ தகர ஷெட்டிலோ வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பகுதியின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் இருக்கும் போர்டாகக் கேளுங்கள். பழைய மானிட்டர் இருந்தால் நீல நிற விஜிஏ துளை போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மானிட்டர் செலவு மிச்சம்.

வைஃபை எல்லாப் போர்டிலும் இருக்காது. மோடம் அதே அறையில் இருந்தால் லான் கேபிளே போதும். லினக்ஸ் போடப் போகிறவர்கள் கண்ணில் பட்ட மலிவான யூஎஸ்பி வைஃபையை வாங்காதீர்கள். சில சிப்புகளுக்கு டிரைவர் தேடியே நாள் போகும்.

8. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் படம் காட்டும் வசதி புராசஸருக்குள் இல்லை, தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியே ஆக வேண்டும். ஏஎம்4 ரைசனில் 'ஜி' இருந்தால்தான் படம் வரும். ஐநூறு ரூபாய் மலிவு என்று 'எஃப்' வாங்கி வந்து, மானிட்டர் கறுப்பாக நிற்கிறது என்று தவிக்கும் வீடுகள் நிறைய.

9. அளவு: வீட்டுக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் போதும். 244 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர், சிலது இன்னும் குறுகல். கேபினட்டும் அதை ஏற்பதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

10. போர்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை மின்சாரத்துக்குக் கொடுங்கள். நம் மாவட்டத்தில் கம்ப்யூட்டர் சாவது வைரஸாலல்ல, மின்சாரத்தால். கோடையில் வோல்டேஜ் இறங்கும், போன கரண்ட் வரும்போது குதித்துக்கொண்டு வரும். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீர்கள். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 450 வாட், 80 பிளஸ் சான்று உள்ள எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வாங்குங்கள். கெட்ட எஸ்எம்பிஎஸ் தான் மட்டும் போகாது, போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட்டிக்கொண்டு போகும். யூபிஎஸ் 600 விஏ போதும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்குச் சேமித்து மூட நேரம் தரும். அதன் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து எர்த். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுத்தால் எர்த் சரியில்லை. மாவட்டத்தில் பல இடங்கள் செம்பாறை நிலம். வைகாசிக்குள் காய்ந்து இறுகிவிடும், எர்த் குழி பேருக்குத்தான் இருக்கும். கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். நல்ல எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குழியைப் புதுப்பித்த பிறகே கம்ப்யூட்டரை மாட்டுங்கள்.

11. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, லான் கேபிளையும் பிடுங்குங்கள். செம்புக் கம்பி வழியாக வரும் இடி மின்சாரம் மோடத்தைத் தாண்டிப் போர்டின் லான் சிப்பைக் கொல்லும். ஃபைபர் இணைப்பு என்றாலும் மோடத்திலிருந்து கம்ப்யூட்டர் வரை வருவது செம்புதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நீண்ட நிறுத்தத்துக்குப் பிறகு மின்சாரம் வந்தால் முதல் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரைப் போடாதீர்கள். ஃபேனும் பல்பும் நிதானமாக ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன், குடும்பப் படங்கள், பத்திர நகல்கள் எல்லாம் ஒரு வெளி டிஸ்க்கில் இன்னொரு பிரதியாக இருக்கட்டும். அந்த டிஸ்க் பீரோவில், தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும்.

12. உப்புக் காற்றும் செம்மண் தூசும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் பக்கம் கடல் காற்று உலோக முனைகளை அரிக்கும். திடீரென்று கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்றால் அங்கே முதல் சந்தேகம் ராமின் மேல்தான். கழற்றி, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைப் பிரஷால் தட்டிவிட்டு மாட்டுங்கள். பாதிப் பழுது அதிலேயே தீரும். கல்குவாரி, செம்மண் சாலை உள்ள ஊர்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேபினட்டைத் திறந்து தூசு தட்டுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுழலவிடாதீர்கள்.

பல்லிக்கு எஸ்எம்பிஎஸ்ஸின் கதகதப்பு பிடிக்கும். உள்ளே போய் ஷார்ட் ஆகி, பல்லியும் போர்டும் சேர்ந்து போவது இங்கே அபூர்வமல்ல. கேபினட்டின் பின்னால் திறந்திருக்கும் பட்டைத் துளைகளை, காற்று போகும் மெல்லிய வலையால் அடையுங்கள்.

13. வாங்கும்போது பில். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் சீரியல் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். "அசெம்பிள்டு பிசி – 1" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். பிறகு போர்டுக்குத் தனியாக உத்தரவாதம் கேட்க முடியாது. பெரிய நிறுவனங்களின் போர்டுகளுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் 3 வருட உத்தரவாதம் உண்டு. அந்த நிறுவனத்துக்குத் திருச்சியில் சர்வீஸ் சென்டரோ பழுதான பொருளை வாங்கிக்கொள்ளும் இடமோ இருக்கிறதா என்று வாங்குமுன் விசாரியுங்கள். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் திரும்பலாம். சென்னைக்கு கூரியர் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வேறு கதை. புராசஸரை நிறுவனப் பெட்டியோடு வாங்குங்கள். பெட்டியில்லாத டிரே புராசஸருக்கு விற்பவர் தரும் உத்தரவாதம் மட்டுமே.

சென்னை ரிச்சி தெருவில் விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் உள்ளூர்க் கடையில் நானூறு, ஐந்நூறு கூடினாலும் அங்கேயே வாங்கலாம் என்பது என் கருத்து. ராம் பழுதா, போர்டு பழுதா என்று மாட்டிப் பார்க்க இன்னொரு ராமை எடுத்துக் கொடுக்க அந்தக் கடைக்காரரால்தான் முடியும். சொன்ன பொருள் வேறு, பெட்டிக்குள் இருந்தது வேறு என்று தெரிந்து அவர் மாற்றித் தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். புதுக்கோட்டையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

14. பூட்டும் வேலையை வீட்டுப் பெண்களும் செய்யட்டும். 1991-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இந்த மாவட்டத்துக் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். அவர்களின் பேத்திகள் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தயங்க வேண்டியதில்லை. ஒரு நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவர், நல்ல வெளிச்சம், மரமேசை. இவை போதும். நைலான் சேலை, பட்டு வேண்டாம், பருத்தி உடுத்திக்கொள்ளுங்கள். போர்டைத் தொடுமுன் கேபினட்டின் உலோகத்தைத் தொட்டு உடம்பின் மின்னேற்றத்தை இறக்குங்கள். புராசஸரின் மூலையிலுள்ள முக்கோணத்தையும் சாக்கெட்டின் முக்கோணத்தையும் பொருத்திக் கையை எடுங்கள், தானாக உட்காரும். அழுத்தவே கூடாது. இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் ஊசிகள் போர்டில் இருக்கும், ஏஎம்4-இல் புராசஸரில் இருக்கும். வளைந்த ஊசிக்கு உத்தரவாதம் கிடையாது. போர்டுக்கு அடியில் பித்தளை நட்டுகளை அதன் துளைகளுக்கு நேராக மட்டும் வையுங்கள். கூடுதலாக ஒன்று இருந்தாலும் ஷார்ட் ஆகும்.

15. படம் வரவில்லையா? பதறாமல் வரிசையாகப் பாருங்கள். 24 முனை கேபிளோடு, புராசஸருக்கு அருகிலுள்ள 8 முனை கேபிளும் மாட்டினீர்களா? பலர் மறப்பது அதைத்தான். ராம் இரு பக்கமும் டக் என்று பூட்டியதா? நான்கு இடம் உள்ள போர்டில் ஒரே ராம் என்றால் புராசஸரிலிருந்து இரண்டாவது இடம். பிறகு 12-இல் சொன்ன ரப்பர். போர்டில் சின்ன விளக்குகள் இருந்தால் எதில் நிற்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் காட்ட அது போதும்.

16. போர்டின் உள்மென்பொருளான பையோஸை யூபிஎஸ் இல்லாமல் அப்டேட் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு விழிக்காது. பழைய கையிருப்பு எச்610 போர்டு 14-ஆம் தலைமுறைப் புராசஸரை அப்டேட் இல்லாமல் அடையாளம் காணாமல் போகலாம். கடையிலேயே அப்டேட் செய்துதரச் சொல்லுங்கள். விண்டோஸ் 11 "உங்கள் கம்ப்யூட்டர் தகுதியில்லை" என்று சொன்னால், பையோஸில் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருப்பதை இயக்குங்கள்.

17. கிராக் விண்டோஸ் வேண்டாம். "ஓஎஸ் ஃப்ரீயா போட்டுத் தர்றோம்" என்றால் பெரும்பாலும் அதுதான். திருட்டு லைசென்ஸைத் திறக்க ஓடும் சின்ன மென்பொருளுக்கு உங்கள் கம்ப்யூட்டரின் முழு அதிகாரமும் தரப்படுகிறது, அது ஓடுவதற்காக வைரஸ் காவலும் நிறுத்தப்படுகிறது. அதே கம்ப்யூட்டரில்தான் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள். காசு கொடுத்து உண்மையான விண்டோஸ், இல்லையென்றால் காசில்லாமல் உண்மையான லினக்ஸ். மூன்றாவது வழி இல்லை.

18. எந்த லினக்ஸ்? முதல்முறை என்றால் லினக்ஸ் மின்ட். விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. 4 ஜிபி ராமில் ஓடும். 2024-இல் வந்த 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பெரிய வசதி, போடுமுன் சோதிக்கலாம் என்பதுதான். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே திறந்து பாருங்கள். சத்தம், நெட், பிரிண்டர் எல்லாம் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள். கடைக்கும் அந்தப் பென் டிரைவோடு போகலாம். காசு கொடுக்கும் முன் அந்த போர்டிலேயே செருகிப் பாருங்கள்.

லினக்ஸ் என்றால் நம் ஊருக்குப் புதிதென்று நினைக்க வேண்டாம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வந்தது. தமிழக அரசு 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு அது இருந்தது. பெரும்பாலான வீடுகளில் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஃபார்மேட் அடித்தார்கள் என்பது வருத்தமான விஷயம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன. தமிழில் கற்க, 2012 முதல் வரும் கணியம் இதழும் அதன் இலவச மின்னூல்களும் இருக்கின்றன.

இரண்டும் வேண்டும் என்றால் ஒரே எஸ்எஸ்டியைப் பிரிக்காதீர்கள். இரண்டு எஸ்எஸ்டி மாட்டி, ஒன்றில் விண்டோஸ், மற்றதில் லினக்ஸ் வையுங்கள். ஒன்று படுத்தாலும் மற்றது எழும்.

19. தமிழ்த் தட்டச்சு. பிள்ளைகளுக்கு முதலிலிருந்தே தமிழ்99 விசை அமைப்பைப் பழக்குங்கள். விண்டோஸில் 2019 மே அப்டேட்டிலிருந்து தமிழ்99 உள்ளேயே வருகிறது. லினக்ஸில் ஐபஸ் என்ற பகுதியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் கிடைக்கும். பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் இருந்தால் யூனிகோடுக்கு இப்போதே மாற்றி வையுங்கள். டிடிபி வேலை கற்கும் இளையவர்கள் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸையும் பழகலாம். 2024-இல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

20. தேதி அடிக்கடி பழைய வருடத்துக்குப் போகிறதா? பல இணையதளங்கள் "பாதுகாப்பில்லை" என்று மிரட்டுகின்றனவா? வைரஸ் இல்லை. போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. மெயின் சுவிட்சை எப்போதும் அணைத்துவிடும் வீடுகளில் அது சீக்கிரம் தீரும். ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு நீங்களே மாற்றலாம்.

21. புதியது வந்ததும் பழைய கம்ப்யூட்டரையோ அந்த அரசு மடிக்கணினியையோ எடைக்குப் போடாதீர்கள். ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டால் பிரவுசரும் எழுத்து வேலையும் தாராளமாக ஓடும். உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் கீபோர்டும் மவுஸும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அதில் லினக்ஸ் போட்ட பென் டிரைவையும் கூடவே கொடுங்கள்.